பதினான்கு நாளும் ஓடிய பொம்மை பஸ்

நான் ஒரு பொம்மை கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் பொம்மையைக் கீழே போடுவது, இழுப்பது, திருகுவது, எங்கே உடைகிறது என்று எழுதி வைப்பது, இதுதான் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு பொம்மை உடைக்கிறவள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் வந்து, "அக்கா, ஃபீல்டு டெஸ்ட்ல என்ன பாக்கணும்?" என்று கேட்டால், காலேஜ் கடைசி வருஷத்தில் நாங்கள் மூன்று பேர் செய்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வேன். எங்கள் லட்சணம் முழுக்க அதில் இருக்கிறது.

1. தேயாத பெயிண்ட்

பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு நான்கு நாள் இருந்தது. ஃபீல்டு டெஸ்டுக்காகப் பால்வாடியில் பதினான்கு நாள் வைத்திருந்த பஸ்ஸை ஆரோக்கியம் லேபுக்குக் கொண்டுவந்து டேபிள் மேல் வைத்தான். கூடவே, பால்வாடி டீச்சர் தினமும் டிக் போட்டு, விளையாடிய நேரமும் எழுதி நிரப்பிய தாளையும் கொடுத்தான்.

"ஒரு கீறல் இல்ல. பாத்துக்க," என்றான்.

எங்கள் காலேஜ் கீரனூர் தாண்டி, திருச்சி போகும் ரோட்டில் இருந்தது. ஆரோக்கியம் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவான், 3டி பிரிண்டரும் அவன் பொறுப்பு. நாச்சம்மைக்குப் பெயிண்ட், ரிப்போர்ட், மேடையில் பேசுவது. சக்கரம், அச்சு, உள்ளே அசைகிற சமாச்சாரம் எல்லாம் என் கையில். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு டவுன் பஸ். ஒரு முழ நீளம். கூரையில் ஆறு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மரப் பயணி. அச்சில் வட்டத்தை நடுவில் மாட்டாமல் கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தேன், அதற்குக் கேம் என்று பெயர். பஸ்ஸை இழுத்தால் கேம் சுற்றும், மேலே இருக்கிற பயணி எகிறி எகிறிக் குதிப்பார். எங்கள் ஊர் ரோட்டில் டவுன் பஸ்ஸில் போன யாருக்கும் அது புரியும். அந்தக் குதியைச் சரியாகக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்தக் கேம் மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

அதனால்தான் பஸ் வந்தவுடன் முதல் வேலையாக ஒரு பயணியை உருவி அடிப்பாகத்தைப் பார்த்தேன். கேம் உரசுகிற இடம் அது. லேப் தரையில் கால் மணி நேரம் இழுத்தாலே அங்கே நாச்சம்மை அடித்த பெயிண்ட் தேய்ந்து ஒரு கோடு விழும் என்று எனக்குத் தெரியும். பதினான்கு நாள் ஓடியிருந்தால் மரமே தெரிய வேண்டும்.

கோடே இல்லை. ஆறு பயணிகளையும் உருவிப் பார்த்தேன். ஆறு பேருக்கும் அடியில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது.

"ஆரோக்கியம், இது ஓடலடா."

"ஓடிருக்கு. டிக்கப் பாரு. தெனம் அரை மணி நேரம்."

முந்தின நாளே ஆரோக்கியம் அந்தத் தாளைப் படமெடுத்துப் போனில் அனுப்பியதை வைத்து நாச்சம்மை ஏற்கனவே கிராஃப் போட்டுவிட்டாள். நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு கம்பம், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். எங்கள் பிராஜெக்ட் கைடு சார் அதைப் பார்த்துவிட்டு, "டேட்டான்னா இதும்மா டேட்டா. ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடுங்க," என்று சொல்லியிருந்தார். நான் தாளை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக். அந்த நாளுக்கு நேராக, "பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடினார்கள்" என்று குறிப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை பால்வாடிக்குப் பூட்டு. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கைடு சாருக்கும் தெரியும். கிராஃப் அழகாக வந்ததும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என்ன கூத்து இது என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் ரிவ்யூவை நினைத்ததும் சிரிப்பு நின்றது.

காரணம் இருந்தது. எனக்கு அப்போது இரண்டு அரியர். கேம்பஸுக்கு வந்த எந்தக் கம்பெனியும் அரியர்காரர்களை உள்ளேயே விடவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த ஒரு பொம்மை கம்பெனி மட்டும், மார்க் பார்க்க மாட்டோம், ரிவ்யூவுக்கு வந்து பிராஜெக்ட்டைப் பார்த்து ஒருவரை டிரெயினிங்குக்கு எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தது. ஆரோக்கியத்துக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. நாச்சம்மை சென்னையில் அவள் சித்தப்பா கம்பெனிக்குப் போகப் போகிறாள். அந்த ஒரு இடம் எனக்கு மட்டும்தான் வேண்டும். அது போனால் வேறு கதவு கிடையாது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பஸ் ஓடவில்லை என்றால் பதினான்கு நாள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று மண்டையைக் குடைந்தது. எனக்கு அந்தப் புத்தி உண்டு. ஒன்று தெரியாவிட்டால் சோறு இறங்காது.

2. பீரோ

மறுநாள் காலையில் பஸ்ஸையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். புதுக்கோட்டையில் பஸ் மாறி, ஆலங்குடி தாண்டி, கீரமங்கலம் ரோட்டில் இறங்கி முந்திரிக் காட்டோரமாக நடந்தால் ஆரோக்கியத்தின் ஊர். அவன் படித்த பால்வாடி அது. டீச்சர் பெயர் மல்லிகா. ஆரோக்கியத்துக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க வாங்க. இங்கிட்டு ஒக்காருங்க, வெயிலு படாது. என்னப்பா, மார்க்கு போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல டீச்சர்," என்றான் ஆரோக்கியம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், நான் கேட்டேன்.

"டீச்சர், புள்ளைங்க பஸ்ஸ வச்சு வெளாண்டாங்களா?"

"ஏன் ஆத்தா, நல்லாத்தான் வெளாண்டாங்க. எழுதிக் குடுத்தேன்ல."

"ஞாயித்துக்கெழமைக்கும் டிக்கு போட்டிருக்கீங்க டீச்சர்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அடடா, அதக் கவனிக்கல பாரு. கட்டம் காலியாக் கெடந்தா ஒங்க சாரு மார்க்கக் கொறச்சுப்புடுவாரேன்னு மொத்தமா போட்டேன்."

"அப்ப பஸ் எங்கதான் இருந்துச்சு?"

அவர் பீரோவுக்கு மேலே கையைக் காட்டினார். "அங்கதான். தூசி படக்கூடாதுன்னு துண்டப் போட்டு மூடி வச்சிருந்தேன். சாயங்காலம் ஒருக்கா எறக்கி, எல்லாரையும் கையக் கட்டி ஒக்கார வச்சுக் காட்டுவேன். சின்னதுங்க கையில குடுத்தா நிமிசத்துல பிச்சுப்புடும். நீங்கதான சொன்னீங்க, இந்த ஒண்ணுதான் இருக்கு, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு. இந்தா நிக்கிறானே, இவன் ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனான்."

ஆரோக்கியம் திருதிருவென்று முழித்தான். அவனை மட்டும் சொல்லி என்ன செய்ய? நானும் போனில் ஒருமுறை சொன்னேன். நாச்சம்மை பஸ்ஸோடு குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளையே அனுப்பியிருந்தாள். ஒரு பொருள் உடைகிறதா என்று பார்க்கக் கொடுத்துவிட்டு, உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். அதையும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறோம். அந்த அம்மாள் பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

3. நாற்பது நிமிஷம்

"டீச்சர், இப்பக் குடுங்க. ஒடஞ்சாலும் பரவால்ல," என்றேன்.

அவருக்கு மனசே இல்லை. நான் விடவில்லை. பஸ்ஸைத் தரையில் நடுவில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அந்த டிக் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நேரத்தை எழுதினேன்.

ஒன்பது பிள்ளைகள். ஒருத்தரும் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுற்றி உட்கார்ந்து பஸ்ஸையே பார்த்தார்கள். பஸ் வெளியே வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று பழகியிருக்கிறார்கள். நாலு நிமிஷம் கழித்து யாழினி என்று ஒரு பெண், நாலு வயது இருக்கும், டீச்சரைப் பார்த்து, "தொடலாமா டீச்சர்?" என்றது.

"தொடு, தொடு," என்றார் டீச்சர். குரலில் பயம் இருந்தது.

அது பஸ்ஸைத் தொடவில்லை. பயணி ஒன்றை உருவிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து மற்றதுகளும் போட்டி போட்டு உருவின. ஆறு நிமிஷத்தில் பஸ் காலி. என் கேம் அச்சில் அநாதையாக இருந்தது. இழுத்தால் குதிக்கும் என்று சொல்லிக்கொடுக்கலாமா என்று கை பரபரத்தது. நாச்சம்மை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் பயணிகளைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வரிசையாக நிறுத்தின. நிற்கவில்லை. கேம் மேல் வழுக்கி ஏற வேண்டும் என்பதற்காக அடிப்பாகத்தை நான் உருண்டையாகக் கடைந்திருந்தேன். விட்டால் உருண்டு விழுந்தார்கள். ஒரு பையன் ஒவ்வொன்றையும் சுவரில் சாய்த்து வைத்தான். விழுந்தால் மறுபடியும் சாய்த்தான். எவ்வளவு பொறுமை.

"என்னடா பண்றாங்க?" என்று ஆரோக்கியம் என் காதில் கேட்டான்.

"தெரியலயே."

யாழினிதான் சொன்னது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, "இன்னும் பஸ்ஸக் காணோம்," என்றது. அப்போதுதான் புரிந்தது. சுவரோரம் இருந்தது பஸ் ஸ்டாப். இவர்கள் பஸ்ஸில் போகிற விளையாட்டு விளையாடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற விளையாட்டு விளையாடினார்கள்.

பஸ் வந்தது. பயணிகளைச் சாய்த்து வைத்த அதே பையன்தான் ஓட்டினான். கயிற்றைப் பிடித்து இழுக்கவில்லை, கூரையில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு உறுமலோடு வந்தான். ஸ்டாப் கிட்ட வந்து, நிறுத்தாமல் போய்விட்டான்.

அவ்வளவுதான். கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்திக்கொண்டு எட்டுப் பேரும் பஸ் பின்னால் ஓடினார்கள். ஒன்று ஓடிக்கொண்டே, "ஒன் நம்பர நோட் பண்ணிட்டேன்" என்று மிரட்டியது. டீச்சர் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார், "தெனம் நடக்குறதுதான். காலையில ரோட்ல நின்னா ரெண்டு பஸ்ஸுக்கு ஒண்ணு நிக்காமத்தான் போகும். அம்மாவோட வர்றப்ப பாத்திருக்குங்கள்ல." மறுபடி ஸ்டாப், மறுபடி பஸ், மறுபடி நிறுத்தாமல் போனான். பதினேழு முறை. நான் கோடு போட்டு எண்ணினேன். ஒரு முறைகூடப் பஸ்ஸில் ஆள் ஏறவில்லை.

நான் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த கேமை ஒரு பிள்ளையும் சட்டை செய்யவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் என்ன செய்யப் போகிறார்கள் என்று பார்க்கிற ஆசைதான் வந்தது. பரீட்சை ஹாலில் என் பேனா அத்தனை வேகமாக ஓடியது கிடையாது.

நாற்பதாவது நிமிஷம் பஸ் வேகம் தாங்காமல் வாசற்படியில் இறங்கியது. முன்பக்க அச்சைப் பிடித்திருந்த பாகம் பட்டென்று முறிந்து, சக்கரம் தனியாக உருண்டது.

ஒன்பது பிள்ளைகளும் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். ஓட்டின பையன் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டான். நான் ஓடிப்போய் முறிந்த இடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். 3டி பிரிண்டர், முறுக்கு பிழிவது போல உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கு அடுக்காக வைத்துக்கொண்டே போகும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலம் கம்மி. அந்தப் பாகத்தை ஆரோக்கியம் நிற்க வைத்துப் பிரிண்ட் எடுத்திருந்தான். படுக்க வைத்து எடுத்திருந்தால் அந்த இடத்தில் முறிந்திருக்காது.

"சூப்பர்டா தம்பி. நீ ஒடைக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றேன் அந்தப் பையனிடம். அவன் நம்பவில்லை. டீச்சரும் நம்பவில்லை.

4. திரும்பி வந்த வழி

புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்ததும் நாச்சம்மை ஆரம்பித்தாள். "ராவோட ராவா புதுசா பிரிண்ட் எடுத்துடலாம். பெயிண்ட் நான் அடிச்சுத் தாறேன். கிராஃப் அப்படியே இருக்கட்டும்."

"ரெண்டு ஞாயித்துக்கெழமையோடவா?"

"அத எடுத்துட்டு பன்னெண்டு நாள்னு போட்டுக்கலாம். ஒனக்காகத்தான்டி சொல்றேன். எங்க ரெண்டு பேருக்கும் இதுல என்ன இருக்கு? அந்தப் பொம்மை கம்பெனி மேடம் வர்ற நேரத்துல போயி, பஸ் பீரோ மேல இருந்துச்சு மேடம்னு சொல்வியா?"

ஆரோக்கியம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றது சரிதான்," என்றான். "டீச்சருக்கும் நம்மளால கெட்ட பேரு வேணாம்."

நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கும் அந்தக் கிராஃப் வேண்டியிருந்தது. சரி என்றுதான் தலையாட்டினேன். புது பஸ் பிரிண்ட் ஆனது, இந்த முறை அச்சுப் பாகத்தைப் படுக்க வைத்து. பெயிண்ட் காய்ந்தது. கிராஃபில் பன்னிரண்டு கம்பம் நின்றது. பழைய பஸ்ஸையும் டிக் தாளையும் என் பையில் போட்டு வைத்தேன்.

5. ரிவ்யூ

கம்பெனியிலிருந்து வந்த மேடம் நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பொம்மையைக் கையில் வாங்கி, முதல் காரியமாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு விளிம்பெல்லாம் விரலால் தடவினார். பயணியைக் கையில் உருட்டினார். இழுத்துப் பார்த்தார், பயணிகள் குதித்தார்கள். "நல்லா இருக்கு," என்றார். கைடு சார் முகம் மலர்ந்துவிட்டது.

நாச்சம்மை அழகாகப் பேசிக்கொண்டு போனாள். கிராஃப் திரையில் வந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மெக்கானிசம் நீங்கதானே? பசங்க இத என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

சாதாரணக் கேள்வி. ஆசையாக இழுத்து விளையாடினார்கள் மேடம் என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். எனக்கு அந்தப் பதினேழு முறை கண் முன்னால் வந்தது. நிற்காமல் போன பஸ்ஸும், துரத்திக்கொண்டு ஓடின எட்டுப் பேரும். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொன்னால் கிராஃப் பொய்யாகிவிடும். பெரிய உண்மை விளம்பி என்று என்னை யாரும் நினைக்க வேண்டாம். பார்த்த விஷயம் அத்தனை நன்றாக இருந்தது, அடக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"மேடம், அந்தக் கிராஃப் தப்பு," என்றேன். "பஸ் பன்னெண்டு நாளும் பீரோ மேல துண்டு போத்திக்கிட்டு இருந்துச்சு. பத்திரமா வைங்கன்னு நாங்கதான் சொன்னோம். புள்ளைங்க வெளாண்டது நாப்பதே நிமிசம்."

"ஏம்மா, என்ன பேசுற?" என்றார் கைடு சார். நாச்சம்மை என்னைப் பார்க்கவேயில்லை. எட்டி பட்டனை அழுத்தி, தானே போட்ட கிராஃபைத் திரையிலிருந்து அணைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்னும் போகவில்லை.

மேடம் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "அந்த நாப்பது நிமிசத்தச் சொல்லுங்க," என்றார்.

பையிலிருந்து டிக் தாளை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். உடைந்த பஸ்ஸை மேஜை மேல் வைத்தேன். பயணி நிற்காமல் விழுந்தது, சுவரில் சாய்த்தது, அடிப்பாகம் தட்டையாக இருந்திருக்க வேண்டும் என்பது, கேம் அங்கே தேவையே இல்லை என்பது, அடுக்கு எந்தப் பக்கம் முறிந்தது என்பது. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. நடுவில் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ் நிக்காமப் போனா அதுல என்ன சந்தோசம்?"

"எங்க ஊர் ஸ்டாப்ல ஒரு நாள் நின்னு பாருங்க மேடம். அங்க நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. இங்க தொரத்தலாம்."

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அடுத்த டீமைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரிப்போர்ட்டைத் திருப்பி எழுத வைத்தார் கைடு சார். மூன்று பேருக்கும் மார்க் குறைந்தது. மற்ற இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "மார்க்க வச்சு நான் என்ன ஓசூர்ல கடையா போடப் போறேன், விடு," என்றான் ஆரோக்கியம். நான் விடவில்லை, ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. டிசைனுக்கு இல்லை, டெஸ்டிங்குக்கு வருகிறாயா என்று கேட்டார்கள். எட்டு வருஷம் ஆகிறது. அரியரை வேலைக்கு வந்த பிறகுதான் எழுதி முடித்தேன்.

6. ஒரு போன்

இதுவரைக்கும் சொன்னால் புதிதாகச் சேர்ந்தவர்கள், "அப்ப உண்மையச் சொல்லணும், அதான அக்கா?" என்பார்கள். அது சுலபமான பாதி. நமக்கு நல்லது நினைக்கிறவர்களிடம் டெஸ்டுக்குக் கொடுக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். முறைத்துக்கொண்டு நிற்கிறவர் குறையைச் சொல்லிவிடுவார். பிரியமானவர் வாயிலிருந்து அதை வாங்குவது பெரும் பாடு. அதனால் மாதிரியைக் கொடுக்கப் போகும்போது நானே ஒருமுறை அவர்கள் கண் முன்னால் தொப்பென்று தரையில் போட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். இது இப்போது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஆனால் இதை நான் கற்றுக்கொண்டது ரிவ்யூ அறையில் இல்லை. வேலை கிடைத்த அன்று சாயங்காலம் மல்லிகா டீச்சர் போன் செய்தார். ஆரோக்கியம் சொல்லியிருப்பான் போல.

"ஆத்தா, வேல கெடச்சிருச்சாமே. எனக்கு ஒரு வாரமா மனசே சரியில்ல. ஞாயித்துக்கெழமை டிக்கு போட்டு ஒன் காரியத்தக் கெடுத்துப்புட்டேனோன்னு. அது ஒண்ணும் இடைஞ்சலா இல்லேல?"

"இல்ல டீச்சர்."

"பாத்தியா, நான் எழுதிக் குடுத்தது வீண் போகல. அத வச்சுத்தான குடுத்தாங்க?"

அந்தத் தாளின் முன்பக்கத்தால்தான் எங்களுக்கு மார்க் குறைந்தது. பின்பக்கத்தால்தான் எனக்கு வேலை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர், "அத வச்சுத்தான ஆத்தா?" என்று மறுபடியும் கேட்டார்.

"ஆமா டீச்சர், அத வச்சுத்தான்," என்றேன்.

"அப்பாடா," என்று அவர் சிரித்தார். போனை வைத்தேன். அவர் மனசு நோகக் கூடாது என்று நானும் ஒரு டிக் போட்டிருந்தேன். பதினான்கு நாளும் அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.